பம்பு அடித்தால் நெஞ்சுச் சளி காய்ந்துவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. முக்கூடல் பக்கம் இருக்கிறோம். 40 வருஷம் பீடி குடித்தவர், போன வருஷம்தான் விட்டார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு முடித்திருக்கிறார். இப்போது சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்) என்று சொல்லி, காலையும் ராத்திரியும் ஃபார்மோட்டரால் கலந்த பம்பு, தினம் ஒரு தடவை டயோட்ரோபியம், அவசரத்துக்கு சால்பியூட்டமால் எழுதியிருக்கிறார்கள். "பம்பு அடிச்சா சளி உள்ளயே காஞ்சி கட்டிக்கிடும்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு அப்பா பாதி நாள் அடிப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரம் இருமியும் சளி வர மாட்டேன் என்கிறது. இந்த மருந்துகள் சளி வெளியேற உதவுமா, தடுக்குமா?

பதில்: தடுக்காது. அதே சமயம், பம்பு தானாகச் சளியை வெளியே கொண்டுவந்து போடவும் செய்யாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து காற்றுக்கு வழி திறக்கிறது, அவ்வளவுதான். சளியை மேலே தள்ளுவது அந்தக் காற்று. வழி திறந்திருக்கும் நேரத்தில் சளியை எடுக்கும் மூச்சுப் பயிற்சியைச் செய்தால் மருந்தின் பலன் முழுதாகக் கிடைக்கும். அடித்துவிட்டுப் படுத்துக்கொண்டால் இளைப்பு குறையும், சளி கிடந்த இடத்திலேயே கிடக்கும். உங்கள் அப்பா இப்போது வழி திறக்காமலே ஒரு மணி நேரம் இருமுகிறார். அவரைக் களைப்பாக்குவது அதுதான்.

முதலில் சளி எப்படி ஏறி வருகிறது என்று பார்த்துவிடலாம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் இருக்கின்றன, ஒரு செல்லுக்குச் சுமார் 200. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் 6, 7 பங்குதான் வரும். இவை நொடிக்கு 10 முதல் 15 தடவை அடித்து, மேலே படர்ந்திருக்கும் சளிப் படலத்தைத் தொண்டைப் பக்கம் நகர்த்துகின்றன. பெரிய மூச்சுக்குழாயில் நிமிடத்துக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவுக்கு நகரும். ஆரோக்கியமானவர் சளியில் 97 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். தூசியையும் கிருமியையும் ஒட்டவைத்துக்கொண்டு அது ஏறி வர, நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். இது அன்றாட வழி. இன்னொரு வழி இருமல். வேகமாகப் பாயும் காற்று குழாய்ச் சுவரை உரசிச் சளியைப் பெயர்த்து எறிகிறது. ஆனால் இருமலின் பலம் பெரிய, நடுத்தரக் குழாய்கள் வரைக்கும்தான். நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குழாய்களுக்கு அது எட்டாது.

40 வருஷப் பீடி அன்றாட வழியைப் பாழாக்கிவிட்டிருக்கும். நுண்மயிர் குட்டையாகிறது, பல இடங்களில் அடியோடு போய்விடுகிறது. சளி சுரக்கும் செல்களும் சுரப்பிகளும் பெருக்கின்றன. சுரக்கும் சளியில் தண்ணீர் குறைந்து திடப்பொருள் கூடுவதால் பிசின் ஏறுகிறது. பீடியில் சிகரெட்டைவிடப் புகையிலை குறைவு என்று சமாதானம் சொல்வார்கள். அணையாமல் இருக்க அதை அடிக்கடி இழுத்தாக வேண்டும், அதனால் உள்ளே இறங்கும் நச்சுப் புகை குறைவதில்லை. பீடியையே தொடாத பெண்களுக்கும் இதே நோய் வருவதைப் பார்க்கிறோம். ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்கள் நாள் முழுக்கப் புகையிலைத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். விறகடுப்பும், கருப்பட்டி காய்ச்சும் அடுப்பும் இன்னொரு காரணம். வீட்டில் அம்மாவுக்கும் வருஷத்தில் மூன்று மாதம் சளியோடு இருமல் இருந்து, அது அடுத்தடுத்து இரண்டு வருஷம் வந்தால் அவரையும் ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள்.

நுண்மயிர் வேலை செய்யாதபோது இருமல் ஒன்றுதான் மிச்சம். இருமலுக்கு வேகமான காற்று வேண்டும். இங்கேதான் குழாயின் அகலம் பெரிய கணக்காகிறது. காற்று சீராகப் பாயும் குழாயில் விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு ஆகும். சுவர்த் தசை இறுகி, உள்தோல் வீங்கி, அதற்குள் சளியும் படிந்திருந்தால் எவ்வளவு முக்கி இருமினாலும் காற்று வேகம் எடுக்காது. மருந்து தசையைத் தளர்த்தி விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் காற்றோட்டத்தில் கிடைக்கும் லாபம் அதைவிடப் பெரிது. இன்னொன்றும் நடக்கிறது. சி.ஓ.பி.டி.யில் வெளியேற முடியாத காற்று நெஞ்சுக்குள் தேங்கியிருக்கும். மருந்து வேலை செய்ததும் தேங்கிய காற்று கொஞ்சம் இறங்கும், அடுத்த மூச்சை ஆழமாக இழுக்க இடம் கிடைக்கும். அடைத்திருக்கும் சளிக்குப் பின்னால் காற்று போய் நின்றால்தான் அதை முன்னால் தள்ள முடியும். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் "மருந்துக்குப் பெரிய மாற்றம் இல்லை" என்று வந்தவர்களுக்கும் இந்தப் பலன் கிடைப்பது உண்டு. அந்தத் தாளை மட்டும் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

சரி, மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால், ஃபார்மோட்டரால், சால்மெட்டரால் எல்லாம் ஒரே குடும்பம். பீட்டா-2 ஏற்பிகளை, அதாவது செல்லில் மருந்து ஒட்டி வேலை செய்யும் இடங்களைத் தூண்டித் தசையைத் தளர்த்துபவை. அதே ஏற்பி நுண்மயிர் செல்களிலும் இருக்கிறது. அதனால் இவை நுண்மயிர் அடிக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன, செல்லிலிருந்து உப்பும் தண்ணீரும் வெளிவர உதவிச் சளிக்கு ஈரம் சேர்க்கின்றன. ஆய்வுக்கூடத்திலும், ஆரோக்கியமானவர்களின் நுரையீரலிலும் இது நன்றாகவே தெரிகிறது. நோய் முற்றியவர்களிடம் இந்தப் பலன் சிறிது, ஆளுக்கு ஆள் மாறும். அடிக்க நுண்மயிரே இல்லாத இடத்தில் மருந்து எதை வேகப்படுத்தும்? ஆக, இந்தக் குடும்பத்திடம் அப்பா எதிர்பார்க்க வேண்டியது முக்கியமாகக் காற்றின் வேகம். சளியைக் காய வைக்கும் குணம் இவற்றுக்குக் கிடையாது.

இப்ராட்ரோபியம், டயோட்ரோபியம், கிளைக்கோபைரோனியம் வேறு குடும்பம். ஊரில் இருக்கும் பயத்துக்கு வேர் இங்கே இருக்கிறது, அந்தப் பயம் வெறும் கட்டுக்கதையும் இல்லை. இவற்றின் மூதாதை அட்ரோபின், ஊமத்தையில் இருக்கும் நச்சு. ஊமத்தை வேரைப் புகைத்தால் இளைப்பு தணியும் என்று நம் பக்கத்தில் தெரிந்திருந்தது. மதராசிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஆண்டர்சனிடமிருந்து அதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் 1802-ல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடித்தார்கள். அட்ரோபின் குழாயை விரிக்கும், கூடவே சளி நகர்வதையும் மந்தமாக்கும், எச்சில் வற்றும், நெஞ்சு படபடக்கும், அளவு மீறினால் புத்தி தடுமாறி உயிர் போகும். ஊமத்தை இலையை இன்றைக்கும் சுருட்டிப் புகைக்கச் சொல்லும் யார் பேச்சையும் கேட்காதீர்கள்.

பிறகு வந்த இப்ராட்ரோபியமும் டயோட்ரோபியமும் உறிஞ்சினால் ரத்தத்தில் அதிகம் கலக்காதபடி மூலக்கூறு மாற்றப்பட்டவை. இவை சளியை நகரவிடாமல் செய்கின்றனவா என்று நேராகவே சோதித்திருக்கிறார்கள். மிகச் சிறு கதிரியக்கத் துகளை உறிஞ்சவைத்து, அது நுரையீரலை விட்டு எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று கேமராவில் பார்க்கும் முறை அது. டயோட்ரோபியத்தை மூன்று வாரம் எடுத்த சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் சளி நகர்வு மந்தமாகவில்லை. சுரப்பிகளைத் தூண்டும் நரம்பு ஏற்பியையும் இம்மருந்து அடக்குவதால் சிலருக்குச் சளியின் அளவு குறையும். அளவு குறைவது வேறு, காய்ந்து கட்டுவது வேறு. 2008-ல் வெளியான, 5,993 பேரை 4 வருஷம் தொடர்ந்த பெரிய ஆய்வில் டயோட்ரோபியம் எடுத்தவர்களுக்கு நோய் திடீரென முற்றும் தடவைகள் குறைந்தன. சளி உள்ளே கட்டுவதாக இருந்தால் அது கூடியிருக்க வேண்டும்.

பிறகு ஏன் எல்லோரும் காய்கிறது என்கிறார்கள்? வாய் காய்வதால்தான். டயோட்ரோபியம் எடுப்பவர்களிடம் அதிகம் காணும் பக்கவிளைவு வாய் வறட்சி. நாக்கு ஒட்டும்போது நெஞ்சும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. அடித்ததும் வாய் கொப்பளிப்பதும், அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதும் போதும். 66 வயது ஆணுக்கு நான் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு. சிறுநீர் முக்கி முக்கிப் போகிறதா, அடைக்கிறதா என்று பாருங்கள். புராஸ்டேட் வீக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கண் அழுத்த நோய் இருந்தால், நெபுலைசரில் (மருந்தைப் புகைபோல் ஆக்கித் தரும் இயந்திரம்) இப்ராட்ரோபியம் வைக்கும்போது மாஸ்க் இடுக்கு வழியே கண்ணில் புகை படக்கூடாது. வாயில் கவ்வும் குழலைக் கேட்டு வாங்குங்கள்.

கண் அழுத்தம் என்றதும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து பம்பு செய்யும் வேலைக்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். கண்ணில் விட்ட இரண்டு சொட்டு மூக்கு வழி இறங்கி மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் புரோபிரனலாலும் அப்படியே. கண் டாக்டரிடம் போகும்போது பம்பைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

மூன்றாவது வகை தியோஃபிலின். டெரிஃபிலின் மாத்திரையிலும் ஊசியிலும் இருப்பது இதுவும் இதன் உறவும்தான். குழாயைக் கொஞ்சம் விரிக்கும், நுண்மயிரைச் சற்றே தூண்டும், உதரவிதானத் தசைக்குக் கொஞ்சம் பலம் தரும். ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகியவை ரத்தத்தில் இதன் அளவை ஏற்றிவிடும். சளி பச்சையாகிவிட்டது என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசினும் வீட்டிலிருக்கும் டெரிஃபிலினும் சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, முற்றினால் வலிப்பு. உங்கள் அப்பாவுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. பீடிப் புகை கல்லீரலில் இந்த மருந்தைச் சீக்கிரம் கரைக்கவைக்கும், பீடியை விட்டால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். பீடி குடித்த காலத்தில் எழுதிய டெரிஃபிலினை இன்னும் சாப்பிடுகிறார் என்றால் அளவைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். "ஊசி போட்டாத்தான் நெஞ்சு திறக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்குவதை விட்டுவிடலாம். சரியாக உறிஞ்சிய சால்பியூட்டமால் அதைவிட நன்றாகவும் பத்திரமாகவும் திறக்கும்.

இருமல் சிரப்பு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சளியை இளக்க என்று விற்கும் பல சிரப்புகளில் புரோம்ஹெக்சினோடு சால்பியூட்டமாலோ டெர்பியூட்டலினோ கலந்திருக்கும். மூடி மூடியாகக் குடித்துவிட்டுப் பம்பும் அடித்தால் ஒரே குடும்பத்து மருந்து இரண்டு வழியில் ஏறிக் கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் மூச்சுத் தசை தளரும், அப்புறம் இருமலும் வலுவிழக்கும். கொடீன், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள சிரப்புகள் இன்னும் மோசம். அவை இருமலையே அடக்குகின்றன. சளி நிறைந்த நெஞ்சில் இருமலை அடக்கக்கூடாது. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

இனி காலையில் செய்ய வேண்டியது. எழுந்ததும் இருமத் தொடங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். தானாக வரும் இருமலை அடக்க வேண்டியதில்லை, முக்கி வரவழைக்காமல் இருந்தால் போதும். முதலில் மருந்து. காலையில் ஃபார்மோட்டரால் பம்பு இருப்பதால் அதுவே வழி திறக்கும், சில நிமிடத்தில் வேலையைத் தொடங்கும். நெஞ்சு ரொம்ப இறுக்கமான நாளில், டாக்டர் அனுமதித்திருந்தால், சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் பம்பில் இரண்டு தடவை. எதுவானாலும் ஸ்பேசரோடு, அதாவது பம்பில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவையோடு. பம்பைக் குலுக்கி, மூச்சை நிதானமாக வெளியே விட்டு, ஒரு தடவை அழுத்தி, 4, 5 நொடி மெதுவாக இழுத்து, 10 நொடி அடக்கி விட வேண்டும். அரை நிமிடம் கழித்து அடுத்தது. இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு இழுப்பது மருந்தை வீணாக்கும். வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், அந்தப் பம்பில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் இது கட்டாயம்.

பிறகு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சூடாகச் சுக்குக் காபியோ வெந்நீரோ குடிக்கலாம். சாப்பாடு இதற்கு அப்புறம்தான். வயிறு நிறைந்திருந்தால் இருமும்போது வாந்தி வரும்.

கைப்பிடியுள்ள நாற்காலியில் முதுகு நிமிர்ந்து, தோளைத் தளர்த்தி உட்காரச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் சாதாரணமாக, வயிறு ஏறி இறங்க மூச்சு. அடுத்து மூக்கு வழியே ஆழமாக இழுத்து, 3 நொடி பிடித்து, அழுத்தமில்லாமல் விடுவது. இப்படி 3 அல்லது 4 தடவை. பிடித்து நிறுத்துவதைத் தவிர்க்கக்கூடாது. அந்த 3 நொடியில்தான் காற்று பக்கவழிகளில் புகுந்து அடைத்த சளிக்குப் பின்னால் போகிறது. மறுபடி சாதாரண மூச்சு ஒரு நிமிடம். அதன் பிறகு ஊதல். நடுத்தரமாக ஒரு மூச்சு இழுத்து, வாயை அகலமாகத் திறந்து, தொண்டையை இறுக்காமல், மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆவி படிய ஊதுவோமே, அதேபோல் "ஹா" என்று நீளமாக. இது ஓரத்திலிருக்கும் சளியை நடுவுக்குக் கொண்டுவரும். நெஞ்சுக்குள் கரகரப்பு மேலே ஏறுவது கைக்கே தெரியும், மார்பில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேலே வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஆழமாக ஒரு மூச்சு, சின்னதாக ஒரு "ஹா", அல்லது ஒரே ஒரு இருமல். சளி வரும். திரும்ப முதலிலிருந்து. தொடர்ந்து இரண்டு சுற்று கரகரப்பில்லாமல் போனால் நிறுத்திவிடலாம். மொத்தம் 10 முதல் 20 நிமிடம், அதற்குமேல் போனால் களைப்புதான் மிஞ்சும்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஊதலில். பலம் முழுவதையும் போட்டு ஊதுவார்கள். நுரையீரல் திசு நைந்துபோனவர்களுக்குக் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் இழுவை குறைந்திருக்கும், வெளியிலிருந்து அழுத்தம் ஏறியதும் குழாய் மடிந்து மூடிக்கொள்ளும். வீசிங் கிளம்பும், சளி பின்னால் சிக்கிக்கொள்ளும். அப்பாவின் ஒரு மணி நேர இருமலில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. சத்தம் கேட்டால் பலத்தைக் குறைத்து, நீளத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இதற்குத் தொடர்பாக மருந்தின் ஒரு பாதகத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழாய்ச் சுவரே தளர்ந்து தொய்ந்துபோன சிலருக்கு, தசையின் இறுக்கம்தான் குழாயை நிமிர்த்தி வைத்திருக்கும். அதையும் மருந்து தளர்த்திவிட்டால் இருமும்போது குழாய் இன்னும் எளிதாக மடியும். பம்பு அடித்த பிறகு சளி எடுப்பது முன்னைவிடக் கஷ்டமாகிறது என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால் அதை ஒதுக்கக்கூடாது. சி.டி. ஸ்கேனோ மூச்சுக்குழாய் நோக்கியோ வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது. இப்படிப்பட்டவர்கள் குறைவு.

பழைய காசநோய் இருப்பதால் இதைக் கூடுதலாகச் சொல்கிறேன். காசநோய் ஆறிய இடத்தில் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து பை போலாகி, அதில் சளி தேங்குவது சாதாரணம். தினம் அரை டம்ளர் சளி, படுக்கும் பக்கம் மாறினால் கூடுதலாக வருவது, நாற்றம் இதெல்லாம் அதற்கு அடையாளம். இவர்களுக்கு விரிக்கும் மருந்து துணைதான், சளி எடுப்பதே வைத்தியம். சி.டி.யில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால், அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து மேற்சொன்ன பயிற்சியைச் செய்யலாம். தலையைக் கீழே சாய்த்துப் படுக்க வைப்பது இளைப்பு உள்ளவர்களுக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் வேண்டாம். சளி ரொம்பக் கெட்டியாக இருந்தால் 3 சதவீத உப்புக் கரைசலை நெபுலைசரில் வைக்கச் சொல்வார்கள். அது தண்ணீரை இழுத்துச் சளியை இளக்கும், ஆனால் சிலருக்குக் குழாயை இறுக்கிவிடும். அதனால்தான் முதல் தடவை ஆஸ்பத்திரியில், ஊதும் அளவைப் பார்த்துக்கொண்டு, விரிக்கும் மருந்து கொடுத்த பின்பே வைக்க வேண்டும். வீட்டிலும் வரிசை அதே: விரிக்கும் மருந்து, உப்புக் கரைசல், பயிற்சி. நெபுலைசரில் ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் அது கடைசி, சளி எடுத்த பிறகு. சளி மூடிய சுவரில் அந்த மருந்து பட்டுப் பயனில்லை.

நெபுலைசரில் வெறும் தண்ணீர் ஊற்றக்கூடாது. தாமிரபரணித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தாலும் கூடாது. மருந்தின் அளவு போதவில்லை என்றால் கிருமி நீக்கிய நார்மல் சலைன் மட்டும். கிண்ணத்தைத் தினம் கழுவி, உதறி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தில் வளரும் கிருமி நேராக நுரையீரலுக்குள் போகும்.

நம் பருவத்துக்கு ஏற்ற சில கவனம். சித்திரை வெயிலில் பம்பை பைக் பெட்டியிலோ பஸ் ஜன்னலோரத்திலோ விட்டுவிடாதீர்கள், 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டிய பொருள் அது. ரோட்டாகேப் போன்ற பொடி மருந்துக்கு ஈரம் எதிரி. தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் அட்டையை விட்டு முன்கூட்டியே பிரித்து வைத்தால் பொடி கட்டிக்கொண்டு உள்ளே போகாது. பொடிக்கு பம்பு போல் மெதுவாக இழுக்கக்கூடாது, வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். இழுத்த பிறகு பொடி மிச்சமிருந்தால் இன்னொரு தடவை. அந்தக் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அப்பா செய்வதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்பேசரை மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்து, துணியால் துடைக்காமல் நிழலில் காயவிடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதும் வேண்டாம், எண்ணிக்கை காட்டும் பம்பாக வாங்கிக்கொள்ளலாம். ஆடிக் காற்றில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் போனால் முகக்கவசம் போடச் சொல்லுங்கள். வீட்டில் சாம்பிராணி, கொசுவர்த்திப் புகை வேண்டாம். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் தரும், நெஞ்சின் ஆழத்திலிருக்கும் சளிக்கு எட்டாது. கொதிக்கும் சட்டி கவிழ்ந்து வெந்துபோகிறவர்கள் உண்டு, கவனம்.

பயிற்சியை ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்துகாட்டிவிடுவது நல்லது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நெஞ்சக நோய்ப் பிரிவில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு, அதற்கு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

பயிற்சி தொடங்கிய முதல் சில நாள் சளி வழக்கத்தைவிடக் கூடுதலாக வரலாம். தேங்கியது வெளியேறுகிறது, மருந்து உண்டாக்கியது இல்லை. பம்பு அடித்த அரை மணிக்குள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஓரிரண்டு புள்ளி குறைந்தாலும் பதற வேண்டாம். ரத்த ஓட்டம் இடம் மாறுவதால் சிலருக்கு அப்படி இறங்கி ஏறும். மூடியுள்ள டப்பாவில் சளியைச் சேர்த்து, அளவையும் நிறத்தையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அளவு கூடி, நிறம் மஞ்சள் பச்சையாக மாறி, இளைப்பும் கூடினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் மோசமாகிக்கொண்டே போனால், சாயங்காலக் காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால், அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். ஒரு தடவை காசநோய் வந்தவருக்கு அது திரும்பவும் வரலாம். சளியில் ரத்தம் கண்டால் ஊதல், தட்டல், உப்புக் கரைசல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறின காசநோய்க் குழியிலிருந்து கசிவது சில நேரம் திடீரென்று பெரிதாகும்.

பேச்சு முழு வாக்கியமாக வராமல் திணறினால், உதடு நீலம் பூத்தால், பகலிலேயே சொக்கிச் சொக்கி விழுந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியில் ஏற்றும்போதே சி.ஓ.பி.டி. நோயாளி என்று சொல்லிவிட வேண்டும். இவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை நின்றால் போதும். 100 வரட்டும் என்று திறந்துவிட்டால் உடம்பில் கார்பன்டை ஆக்சைடு ஏறி மயக்கம் தட்டும். நெபுலைசரையும் முடிந்தவரை ஆக்சிஜனில் இல்லாமல் காற்றில் ஓடும் இயந்திரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.